“நல்லா இருக்கீகளா?” என்று கேட்டால்: செட்டிநாட்டு வாசலில் முகம் மலரப் பதில் சொல்லும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் குறைந்தது நாலு பேராவது கேட்பார்கள்: “நல்லா இருக்கீகளா?” நாலு பேருக்கும் நம்மில் பலர் சொல்வது ஒரே பதில்தான். “ஏதோ இருக்கோம்.” இல்லாவிட்டால் “வண்டி ஓடுது.” கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

இந்த “ஏதோ”வைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. “பிரமாதமா இருக்கோம்” என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. பீற்றிக்கொள்கிறான் என்ற பேரும் வரும். அதனால்தான் நன்றாக இருப்பவர்கூடக் குரலைத் தாழ்த்தி “ஏதோ” என்கிறார். உற்சாகமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறவர் முதலில் இந்தப் பயத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டும். இந்த ஊர்க் கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த வழிதான் அது: நல்லதைச் சொல்லுங்கள், வரவை மட்டும் வேறொருவர் பேரில் வையுங்கள். மழை பேரில் வைக்கலாம், மருமகள் கைப்பக்குவத்தின் பேரில் வைக்கலாம், பிள்ளையாரின் பேரில் வைக்கலாம், கேட்டவர் பேரிலேயே வைக்கலாம். “நல்லாருக்கோம் ஆச்சி, நேத்துப் பேஞ்ச மழையில வளவெல்லாம் குளுந்து கெடக்கு” என்றால் (வளவு என்பது வீட்டின் நடுமுற்றம்) கண் படுவதற்கு அதில் ஒன்றுமில்லை. மழை எல்லார் வீட்டிலும்தான் பெய்தது.

பதிலுக்கு மூன்று துண்டு

முதல் துண்டு “நல்லாருக்கோம்.” பன்மை முக்கியம். இங்கே கேள்வி உங்களைப் பார்த்துக் கேட்கப்பட்டாலும் விசாரிப்பு வீட்டுக்கு. “நான் சூப்பரா இருக்கேன்” என்று ஒருமையில் சொன்னால் வீட்டில் மற்றவர்களுக்கு என்னவோ ஏதோ என்று பெரியவர்களுக்கு ஒரு சந்தேகம் தட்டும். தனியாக இருப்பவர் மட்டும் “நல்லாருக்கேன்” என்று சொல்லலாம்.

இரண்டாவது துண்டுதான் சரக்கு. இன்று, இப்போது, கண்ணால் பார்த்த அல்லது கையால் செய்த ஒரே ஒரு காரியம். நெல் காயப் போட்டது, பேத்தி முதன்முதலில் சைக்கிள் ஓட்டியது, கரண்ட் போகாமல் இருந்தது, எதுவானாலும் சரி. ஒன்று போதும். இரண்டு சொன்னால் செய்தி வாசிப்பு, மூன்று சொன்னால் கேட்டவர் கால் மாற்றி நிற்க ஆரம்பிப்பார்.

மூன்றாவது, திருப்பிக் கேட்பது. “நீங்க எப்படி?” என்று மொட்டையாகக் கேட்டால் அவரும் “ஏதோ” என்பார். பேரையோ உறவையோ சொல்லிக் கேளுங்கள்: “அப்பத்தாவுக்கு இப்ப முட்டி வலி தேவலாமா?” முதலில் வீட்டுப் பெரியவர், பிறகு பிள்ளைகள், பிறகு வேலை வெட்டி. இந்த வரிசையை மாற்றி எடுத்த எடுப்பில் கடை வியாபாரத்தைக் கேட்டால், கடன் கேட்க வந்தவர்போல இருக்கும்.

மூன்றும் சேர்த்து நடந்துபோகும் தெருவில் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் முடிய வேண்டும். திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் மூன்று வாக்கியம் தாங்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிறுத்தாமல் எவ்வளவு அழகாகப் பதில் சொன்னாலும் வீண். பாதி காற்றோடு போகும், மீதி மரியாதைக்குறைவாகப் போகும். நிறுத்த நேரமில்லையென்றால் சிரித்துக் கையெடுத்துவிட்டுப் போங்கள், பதிலைத் திரும்பி வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

சரக்கு எங்கே கிடைக்கும்

வெளியூர்ச் சரக்கு வேண்டாம். கடல், வானவில், சிறகு விரித்த பறவை இதெல்லாம் மேடைப் பேச்சுக்கு. வாசலில் நின்று பேசுகிறவருக்குக் காலடியிலும் கண்ணெதிரிலும் இருப்பதே போதும். செட்டிநாட்டு வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

தரையிலிருந்து தொடங்கலாம். “வயசாயிருச்சே, எப்படி இருக்கீக?” என்று கேட்கிறார்கள். “ஆத்தங்குடிக் கல்லு மாதிரித்தான் அப்பு, மிதிபட மிதிபட மெருகு ஏறுது.” இந்தப் பதில் எடுபடுவதற்குக் காரணம் அது உண்மையாக இருப்பதுதான். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையையும் அதன் மேல் சிமெண்ட், மணலையும் இட்டு வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுக்கிறார்கள். புதுக் கல்லைவிட நாலு தலைமுறை நடந்த கல்தான் பளபளக்கும். கேட்டவர் குனிந்து பார்த்தால் கல்லே சாட்சி சொல்லும். ஆனால் இதை உங்களைப் பற்றி மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். எதிரில் இருக்கும் ஆச்சியைப் பார்த்து “நீங்க ஆத்தங்குடிக் கல்லு மாதிரி” என்றால், மிதிபட்டவர் என்று சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காபி வராது.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுவர்கள் இன்னும் பல வீடுகளில் கையை வைத்தால் வழவழவென்று குளுமையாக இருக்கின்றன. வேலை நெருக்கடியில் இருப்பவரை யாராவது விசாரித்தால் சரியான பதில் இது: “வெளியில பங்குனி வெயிலு, உள்ள முட்டைப் பூச்சுச் சுவரு. குளுந்துதான் இருக்கேன்.” கஷ்டத்தை மறைக்கவும் இல்லை, அதில் புலம்பவும் இல்லை. மாதம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டு பங்குனி வெயில் என்றால் கேட்பவர் மேலே பார்ப்பார்.

சேலையிலும் ஒன்று உண்டு. பெண்களுக்குள் பேசும்போது “கண்டாங்கி மாதிரி, துவைக்கத் துவைக்க மெதுவாகிக்கிட்டு வர்றேன்” என்று சொல்லலாம். கோபக்காரி என்று பேரெடுத்தவர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, ஆகையால் தாழ்த்திப் பேசுவதுபோலத் தொடங்கினாலும் கொஞ்சம் பெருமை தானாக ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சுரங்கம் கணக்கு. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போய் லேவாதேவி செய்த ஊரில் அசல், வட்டி, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்கள் இன்னும் பெரியவர்கள் வாயில் புழங்குகின்றன. எழுபது வயதுக்காரர் ஒருவரை “உடம்பு எப்படி?” என்று கேட்டால், “அசலு பத்திரமா இருக்கு, வட்டியிலதான் காலம் ஓடுது” என்று சொல்லலாம். முதல் கரையவில்லை, மிச்ச நாளெல்லாம் லாபம் என்ற நிறைவு அதில் இருக்கிறது. இளையவர்கள் “இந்த மாசம் வரவுப் பக்கந்தான் அண்ணே, பற்று கம்மி” என்பார்கள். எச்சரிக்கை ஒன்று உண்டு. உங்களுக்குப் பணம் தர வேண்டியவரிடம் இந்த வகைப் பதிலை மறந்தும் சொல்லக்கூடாது. நீங்கள் விளையாட்டாகச் சொன்ன வட்டி அவர் காதில் வசூலாக விழும். நீங்கள் கடன்பட்டவராக இருந்தால் அதைவிட மோசம், “அசல் பத்திரமா இருக்கா? அப்ப அதைக் கொண்டாங்க” என்று கேட்டுவிடுவார்.

அடுப்படியிலிருந்து வரும் பதில்களுக்குத் தனி மதிப்பு. “இன்னைக்கு வெள்ளைப் பணியாரம் வெள்ளையாவே வந்துருச்சு ஆச்சி, வேறென்ன வேணும்?” பணியாரம் ஊற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். எண்ணெய் ஒரு கொதி கூடக் காய்ந்துவிட்டால் சிவந்துபோகும், மாவு நீர்த்துவிட்டால் உப்பாது. வெள்ளையாக, உப்பி, ஓரம் கெடாமல் வருவது ஒரு நல்ல நாளின் அடையாளம். அப்படி வந்த அன்றுதான் சொல்ல வேண்டும். பொய்யாகச் சொன்னால் “எங்க, ஒண்ணு கொண்டாங்க பாப்போம்” என்பார்கள்.

வாலிபப் பிள்ளைகளுக்குத் தை மாதத்தில் ஒரு பதில் கைவசம் இருக்கிறது. “எப்படிடா இருக்கே?” என்றால் “சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளை மாதிரி மாமா, இன்னும் ஒருத்தர் கையிலயும் சிக்கல.” மாமாவுக்குப் பெண் இருந்தால் இந்தப் பதிலின் விளைவுக்கு நாங்கள் பொறுப்பில்லை. மாசி பிறந்ததும் இதை மூட்டை கட்டிவிட வேண்டும்.

ஒரே ஆளிடம் ஒரே பதிலை இரண்டாம் முறை சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் முறை சிரித்தவர் இரண்டாம் முறை பொறுத்துக்கொள்வார், மூன்றாம் முறை நீங்கள் வருவதைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார். மாதத்துக்கு மூன்று பதில் வைத்துக்கொண்டு, மாதம் மாறும்போது அவற்றையும் மாற்றினால் போதும். கல்யாண வீட்டில் இன்னும் ஜாக்கிரதை: பக்கத்தில் நிற்கும் இருபது பேருக்கும் காது இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு புது உவமை தேடாமல், “நல்லாருக்கோம்” என்பதோடு அவர்கள் வீட்டு ஆள் ஒருவர் பேரைச் சேர்த்து விசாரித்தால் அதுவே நிறைவு.

“வாங்க” என்று ஒவ்வொருவராகக் கேட்கும்போது

இந்தப் பக்கத்தில் வந்தவரை “வாங்க” என்று கேட்பது வீட்டுத் தலைவர் ஒருவரோடு முடிவதில்லை. முகப்பில் இருப்பவர் கேட்பார், பட்டாலையில் இருப்பவர் கேட்பார், இரண்டாம் கட்டிலிருந்து ஆச்சி வந்து கேட்பார், பள்ளிக்கூடம் போகிற பையன் வரை கேட்க வேண்டும். “வாங்கன்னுகூடக் கேக்கல” என்பது பல வருஷம் நிற்கும் மனத்தாங்கல். வந்தவரும் ஒவ்வொருவருக்கும் பதில் கொடுத்தாக வேண்டும்.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வாசலில் நிற்கும் முதல் ஆளிடமே நல்ல பதிலைச் செலவழித்துவிடுகிறார்கள். உள்ளே பெரியவர் முன்னால் போய் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது, அல்லது அதே பதிலைப் பின்னால் வரும் பையன் சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்து சொல்வான். வாசலில் இருப்பவருக்கு முறை சொல்லி “வர்றேன் அண்ணே, நல்லாருக்கீகளா” போதும். பிள்ளைகளுக்குத் தலையில் ஒரு தட்டு. முழுப் பதில் வீட்டின் மூத்தவருக்கு. அவர் காது மந்தம் என்றால் உவமையை விட்டுவிட்டு, குனிந்து, நிறுத்தி, “நல்லாருக்கோம் ஐயா, உங்களைப் பாக்கத்தான் வந்தோம்” என்று சொல்லுங்கள். அதைவிட நல்ல பதில் அந்த இடத்துக்கு இல்லை.

கேள்விகள் சில, பதில்கள் சில

“சாப்பிட்டீகளா?” வாசற்படியில் நின்று “இல்லை” என்று சொல்லிவிட்டால் சாப்பிடாமல் அந்த வீட்டைவிட்டு வெளியேற முடியாது. சாப்பிடும் எண்ணம் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் “வயிறு நிறைஞ்சிருக்கு, இப்ப மனசும் நிறைஞ்சுருச்சு” என்று நிறுத்திக்கொள்ளலாம். “சாப்பிட்டாச்சு, ஆனா உங்க வீட்டு உப்புக்கறி வாசத்துக்கு இன்னொரு வயிறு வேணும்” என்பது கேட்பவரைக் குளிர வைக்கும் பதில்தான். சொல்லி முடிப்பதற்குள் இலை விழுந்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள். மதியம் 12 மணிக்கு மேல் கேட்டால் அது அழைப்பு. காலை 9 மணிக்குக் கேட்டால் வெறும் விசாரிப்பு.

“எப்ப வந்தீக? எப்பக் கிளம்புறீக?” வெளியூரிலிருந்து வந்தவர்களை எரிச்சல்படுத்தும் இரட்டைக் கேள்வி இது. வந்ததும் துரத்துகிறார்களே என்று தோன்றும். உண்மையில், கிளம்புவதற்குள் ஒரு வேளை சோறு போட நாள் பார்க்கிறார்கள். “வந்தது பல்லவன் ரயில்ல, கிளம்புறது உங்க கையால ஒரு காபி குடிச்ச பெறகு.” தேதியையும் அதோடு சொல்லிவிடுங்கள், மழுப்ப வேண்டாம். தேதி தெரியாவிட்டால் அவர்களுக்குப் பலகாரம் போட முடியாது.

“தூரமா?” வெளியே கிளம்புகிறவரை “எங்கே போறீக” என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்பதால் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அந்த நாகரிகத்துக்குப் பதில் நாகரிகம் செய்ய வேண்டும். இடத்தைச் சொல்ல விருப்பமில்லாவிட்டாலும் “பக்கந்தான், நீங்க எதுக்க வந்தீகள்ல, காரியம் முடிஞ்ச மாதிரிதான்” என்று சொல்லிப் பாருங்கள். எதிரே வந்தவர் சகுனம் நல்ல சகுனம் என்று சொன்னால் அன்று முழுக்க அவர் முகத்தில் அது இருக்கும். சகுனத்துக்கு ஆகாதவர் என்று பிறரால் ஒதுக்கப்பட்ட ஒருவரிடம், கைம்பெண் ஒருவரிடம், இதைச் சொல்லும்போது அதன் எடை இன்னும் அதிகம். வாயாரச் சொல்லுங்கள்.

“இளைச்சுட்டீகளே!” மறுக்கவும் வேண்டாம், நோய் வரலாறு சொல்லவும் வேண்டாம். “எடைதான் குறைஞ்சுது, பசி குறையல.” உடம்பு உண்மையிலேயே சரியில்லாதபோது, சரியாக இருக்கும் பகுதியிலிருந்து தொடங்குவது ஒரு நல்ல உத்தி: “முட்டி ஒண்ணுதான் சண்டை போடுது, மத்ததெல்லாம் சமாதானமா இருக்கு. உங்க வீட்டுப் படியை ஏறிட்டேன் பாருங்க.”

“பொண்ணுக்கு எப்பக் கல்யாணம்?” பதிலில் கோபம் தெரிந்தால் கேள்வி பத்து வாயில் பரவும். “சேதி வந்தா முதல் கொட்டான் உங்க வீட்டுக்குத்தான் ஆச்சி.” பலகாரம் வைத்துக் கொடுக்கும் ஓலைக் கொட்டானைச் சொன்னதும் கேட்டவர் திருப்தியாகிவிடுவார், நீங்கள் எந்தத் தேதியையும் சொல்லவில்லை. பெண் பக்கத்தில் இருக்கும்போது இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், அவளைப் பதில் சொல்ல விடாதீர்கள்.

“விசேஷம் உண்டா?” புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு “உங்களுக்குச் சொல்லாமயா?” என்ற சிரிப்பு போதும். வருஷங்கள் போய், அந்தக் கேள்வி வலிக்கும் நிலையில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. “குடுக்கிறப்ப சொல்றோம், எங்களுக்காக வேண்டிக்கங்க” என்று வரவைக் கேட்டவர் வேண்டுதலின் பேரில் வைத்துவிட்டால், நல்ல மனசுக்காரராக இருந்தால் மறுபடி கேட்கமாட்டார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்று யாராவது சொன்னால் “வ அலைக்கும் ஸலாம்” என்பதே முதல் பதில், உங்கள் கற்பனை அதற்குப் பிறகு வரட்டும். கிறிஸ்தவ வீடுகளின் “ஸ்தோத்திரம்” என்பதற்கும் அப்படியே. முறையான வாழ்த்துக்கு முறையான பதில் கொடுத்த பிறகுதான் மெருகு.

காலில் விழுந்து கும்பிடுகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் “நல்லா இரு” நல்ல சொல்தான், ஆனாலும் திருநீறு பூசும் அந்த ரெண்டு நொடியில் அவனுக்கென்று ஒன்றைச் சேர்க்கலாம். பரீட்சைக்குப் போகிறவனிடம் “நல்லா இரு, தெரிஞ்ச கேள்வியா வரட்டும்.” கப்பலுக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போகிறவனிடம் “நல்லா இரு, சிரிச்ச முகமா திரும்பி வா.” பேர் மறந்துவிட்டால் “யாரு மகன்?” என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள், தவறான பேரில் கொடுத்த வாழ்த்து காலத்துக்கும் கேலியாக நிற்கும்.

வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடங்கள்

துக்க வீட்டில் “வாங்க” என்று கேட்பதில்லை, கிளம்பும்போது “போயிட்டு வாறேன்” என்று சொல்வதுமில்லை. அங்கே யாராவது பழக்கத்தில் “நல்லா இருக்கீகளா” என்று கேட்டுவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு தலையசைத்தால் போதும். கோயிலில் சாமிக்கு முன்னால் நிற்கும்போது மனிதருக்குப் பதில் கண் ஜாடைதான். பெரியவர் காலில் விழுவதும் அங்கே கூடாது, வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் “எப்படி இருக்கீக?” என்று கேட்டால் ஆத்தங்குடிக் கல்லை எடுக்காதீர்கள். எங்கே வலி, எத்தனை நாளாக என்பதுதான் அங்கே பதில். பழைய சிநேகிதர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “நெசமாச் சொல்லு, எப்படி இருக்கே?” என்று இரண்டாம் முறை கேட்டால் அவருக்கும் உண்மைதான் வேண்டும்.

போனில்

சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. அங்கே காலை 6:30க்குச் சித்தப்பா அனுப்பும் “இனிய காலை வணக்கம்” இங்கே விடிவதற்கு முன் 4 மணிக்கு வந்து விழும். அதற்கு இன்னொரு ரோஜாப்பூப் படத்தைத் திருப்பி அனுப்புவது ஏதோ இருக்கோம் என்பதன் வாட்ஸ்அப் வடிவம். விடிந்ததும் உங்கள் வீட்டு வாசல் கோலத்தையோ வளவில் காயும் வடகத்தையோ ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அல்லது பதினைந்து நொடிக்குள் ஒரு குரல் பதிவு: பின்னால் சேவல் கூவினால் கூவட்டும், அதைக் கேட்கத்தான் அவர் ஏங்குகிறார். ஒரு நிமிஷத்தைத் தாண்டும் பதிவை வேலைக்குப் போகும் வழியில் யாரும் கேட்பதில்லை. குடும்பக் குழுவில் ஐம்பது பேர் இருந்தால் பேரைக் குறிப்பிட்டுப் பதில் சொல்லுங்கள். பொதுவாகச் சொன்ன வாழ்த்தை ஒருவரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும். “ஃபைன்” என்ற ஒற்றைச் சொல்லை ஆயா (பாட்டி) புரிந்துகொள்வார், ஆனால் அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது. காரில் வரும்போதே இரண்டு வரி பழக்கிவிடலாம்: “நல்லாருக்கேன் ஆயா”, கூடவே வழியில் பார்த்த ஒன்று, மயிலோ ஆட்டு மந்தையோ. உச்சரிப்பு தப்பினால் திருத்தாதீர்கள், ஆயாவே சிரித்துக்கொண்டு திருத்துவார், அதில்தான் பேச்சு வளரும். பதில் முதலில், பலகாரம் அப்புறம் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சீப்புச் சீடையை வாய் நிறையப் போட்டுக்கொண்ட பிள்ளையிடமிருந்து எந்தப் பதிலும் வராது.